இரண்டு பாலங்கள்

"மச்சான், ரீயூனியன் மலருக்கு நீ ஒரு கட்டுரை தரணும். நல்ல நிர்வாகம்னா என்னங்கறதுதான் சப்ஜெக்ட். ஜோக்கெல்லாம் வேணாம், உருப்படியா எழுது" என்று மலர்க் குழுவில் இருக்கும் என் பழைய ரூம்மேட் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஹாஸ்டலில் ஒரே ஒரு மாதம் மெஸ் செக்ரட்டரியாக இருந்து, கணக்கு உதைத்து, கடைசி நான்கு நாள் அத்தனை பேருக்கும் தயிர்சாதம் போட்டவன் நான். என் நிர்வாகத் திறமைக்கு அந்த வருஷத்து மாணவர்கள் எல்லோருமே சாட்சி!

இருந்தாலும் எழுத ஒப்புக்கொண்டேன். ஒரு காரணம் உண்டு. அதைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன்.

நிர்வாகம் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்கள் பெரிய கம்பெனிகளையும் வெளிநாட்டு உதாரணங்களையும் காட்டுவார்கள். நான் சிவில் எஞ்சினியர். எனக்குத் தெரிந்தது மண், தண்ணீர், பாலம். ஆகவே இரண்டு பாலங்களின் கதையைச் சொல்கிறேன். இரண்டும் நம் தமிழ்நாட்டில், ஒரே தெற்கு ரயில்வேயில், எட்டு வருஷ இடைவெளியில் நடந்தவை. ஒன்று விழுந்த கதை, மற்றொன்று எழுந்த கதை.

மருதையாறு, 1956

என் தாத்தாவுக்கு அரியலூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். சின்ன வயதில் லீவுக்குப் போனால், மழை பிடித்துக்கொண்ட நாட்களில் அவர் ஒரு மாதிரி ஆகிவிடுவார். திண்ணையில் உட்கார்ந்து ரயில் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார். "என்ன தாத்தா?" என்றால் "ஒண்ணுமில்ல, வண்டி தாண்டிடுச்சான்னு பாக்குறேன்" என்பார். எனக்கு அப்போது புரியவில்லை.

1956 நவம்பர் 23. விடிந்தும் விடியாத நேரம். மழை கொட்டித் தீர்த்திருந்தது. சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் ஏறியது. வெள்ளம் பாலத்தையும் கரையையும் ஏற்கெனவே அரித்து வைத்திருந்தது. எஞ்சினும் பின்னால் வந்த பெட்டிகளும் ஆற்றுக்குள் இறங்கின. இறந்தவர்கள் நூற்று நாற்பது பேருக்கு மேல். தாத்தாவுக்கு அப்போது இருபது வயது. ஊர்ஜனங்களோடு சேர்ந்து ஓடியிருக்கிறார். என்ன பார்த்தார் என்பதைக் கடைசிவரை அவர் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

இந்த விபத்தைப் பற்றி நம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்றுதான்: அப்போதைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருஷம் சில மாதங்கள் முன்பு ஹைதராபாத் அருகே மகபூப்நகர் பக்கம் இன்னொரு பாலம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபோதே அவர் ராஜினாமா கொடுத்தார். நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு சாஸ்திரி மறுபடி கொடுத்தார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரிதான் காரணம் என்பதால் அல்ல, அரசியல் நடைமுறையில் இது ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதால் ஏற்கிறேன் என்ற பொருள்பட நேரு பாராளுமன்றத்தில் விளக்கம் சொன்னார்.

டில்லியில் இருந்த ஒரு மனிதர், மருதையாற்றின் தண்ணீர் மட்டத்தைக் கண்ணால் பார்த்திராத ஒருவர், "இது என் பொறுப்பு" என்று சொன்னார். எழுபது வருஷமாகியும் நாம் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். அடிக்கடி நடக்கிற காரியமாக இருந்தால் இவ்வளவு காலம் ஞாபகம் வைத்திருப்போமா?

ஆனால் நான் எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது, ஒரு லீவில், தாத்தா தானாகவே ஒரு வார்த்தை சொன்னார். "மந்திரி வேலைய விட்டாரு, பெரிய மனுசன். ஆனா தம்பி, வண்டி வர்றதுக்கு முன்னாடி லாந்தர எடுத்துக்கிட்டு ஒரு ஆளு அந்தப் பாலத்துல நடந்து பாத்து நிறுத்திருந்தா, அவரு வேலைய விட்டிருக்கவே வேணாமே."

நாலு வருஷம் படித்த ஸ்டிரக்சுரல் டிசைனை விட இந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகமாக உதவியிருக்கிறது.

ரயில்வேயில் மழைக்கால ரோந்து என்று ஒரு ஏற்பாடு உண்டு. மழை மாதங்களில் இரவில் தண்டவாளத்தை ஒட்டி ஆட்கள் நடப்பார்கள். கையில் விளக்கு, சிவப்புக் கொடி, தண்டவாளத்தில் வைத்தால் சக்கரம் ஏறும்போது வெடிக்கும் டெட்டனேட்டர். ஒருவர் தன் எல்லைவரை நடந்து, அடுத்த ஆளைச் சந்தித்து, ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். புத்தகம் கை மாறினால்தான் இருவரும் முழு தூரமும் நடந்தார்கள் என்று அர்த்தம். பாலத் தூண்களில் அபாய மட்டம் பெயின்டால் குறிக்கப்பட்டிருக்கும். தண்ணீர் அதைத் தொட்டால் யாரையும் கேட்க வேண்டாம், வண்டியை நிறுத்தலாம்.

யோசித்துப் பாருங்கள். அந்த நிறுவனத்தில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவர்களில் ஒருவர், கொட்டும் மழையில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு கேங்மேன், ஆயிரம் பேர் போகிற எக்ஸ்பிரஸ் ரயிலை நிறுத்தலாம். ஜெனரல் மேனேஜருக்கு போன் போட வேண்டாம். ஃபைல் போட வேண்டாம். பின்னால் "ஏன்யா நிறுத்தினே?" என்று கேட்டால் "சந்தேகமா இருந்துச்சு" என்ற பதிலே போதும். நிர்வாகத்தைப் பற்றி நான் அறிந்த பாடங்களில் மிகப் பெரியது இந்த விதிதான். விஷயம் யார் கண்ணில் முதலில் படுமோ, அவர் கையில் அதிகாரமும் இருக்க வேண்டும்.

பாம்பன், 1964

இரண்டாவது பாலத்துக்கு வருவோம்.

1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் கடலில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். நூற்று நாற்பத்தைந்து சிறிய கண்கள், நடுவில் கப்பல் போவதற்காகக் கத்தரிபோல் திறக்கும் ஷெர்ஸர் ஸ்பான். மெட்ராஸிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போட் மெயில் பயணம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் கல்லூரியிலேயே பலர் படித்திருக்கிறார்கள்.

1964 டிசம்பர் 22 இரவு புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை, ஊர் வந்து சேருகிற தறுவாயில், கடல் விழுங்கிவிட்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. ராமேஸ்வரத்திலிருந்து அங்கே போன ரயில் பாதை பிறகு போடப்படவே இல்லை. பாம்பன் பாலத்தின் 146 கண்களில் 126 கர்டர்கள் கடலுக்குள் போய்விட்டன. ஆச்சரியம், ஷெர்ஸர் ஸ்பான் நின்றது. தூண்களும் பெரும்பாலும் நின்றன.

பாலத்தைச் சீர்செய்ய ஆறு மாதம் என்று ரயில்வே கணக்குப் போட்டது. தெற்கு ரயில்வே ஜெனரல் மேனேஜர் அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பு ஒரு எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியரிடம் கொடுக்கப்பட்டது. அவருக்கு வயது 32. பாலக்காடு மாவட்டத்துக்காரர், காக்கிநாடாவில் எஞ்சினியரிங் படித்தவர். பெயர் ஈ. ஸ்ரீதரன்.

புது கர்டர் செய்து வரவழைப்பதென்றால் மூன்று மாதம் அதிலேயே போய்விடும். விழுந்தவை எங்கே கிடக்கின்றன என்பது பாம்பன் மீனவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் காட்டிய இடங்களில் தேடி, கடலடியிலிருந்து கர்டர்களைத் தூக்கி, பழுது பார்த்து, மறுபடி தூணில் ஏற்றினார்கள். 46 நாளில் வேலை முடிந்தது! 126-ஐ 46-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட மூன்று கர்டர், அதுவும் நடுக்கடலில். ரயில்வே அமைச்சர் பரிசாக ஆயிரம் ரூபாய் கொடுத்தார்.

இந்தக் கதையை எங்கள் செகண்ட் இயர் சர்வே கேம்ப்பில் ஒரு பேராசிரியர் சொன்னார். நாங்கள் "46 நாள்" என்பதில்தான் வாயைப் பிளந்தோம். சினிமா பார்ப்பது மாதிரி ஒரு ஹீரோவைப் பார்த்தோம். இப்போது பத்துப் பதினைந்து வருஷம் சைட்டில் நின்ற பிறகு, என் கண்ணில் படுவது வேறு மூன்று விஷயங்கள்.

ஒன்று, பொறுப்பும் அதிகாரமும் ஒரே ஆளிடம், ஒரே நாளில் தரப்பட்டன. "நீ செய், ஆனால் ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேள்" என்று சொல்லியிருந்தால் 46 நாளில் அனுமதிக் கடிதங்கள்தான் வந்து சேர்ந்திருக்கும். இரண்டு, தகவல் எங்கே இருக்கிறதோ அங்கே போய்க் கேட்டார்கள். கர்டர் எங்கே கிடக்கிறது என்பது ரயில்வே வரைபடத்தில் இல்லை, மீனவரின் தலையில் இருந்தது. ஒரு எஞ்சினியர் படகுக்காரரிடம் போய் "அண்ணே, எங்க கிடக்கு?" என்று கேட்கத் தயாராக இருப்பதும் நிர்வாகத் திறமைதான். பலருக்கு அந்த ஒரு கேள்வி தொண்டையை விட்டு வெளியே வராது. மூன்று, முடிவு தேதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பாம்பனில் பிற்பாடு செய்த ஒரு ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் சிவப்பாகிவிடும். எவ்வளவு பெரிய வி.ஐ.பி. உள்ளே இருந்தாலும் வண்டி நிற்கும். கேங்மேன் கையில் இருந்த விளக்கைக் கருவியிடம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தத்துவம் ஒன்றே.

கொங்கணும் டில்லியும்

ஸ்ரீதரன் 1990-ல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் கொங்கண் ரயில்வே கார்ப்பரேஷன் தொடங்கப்பட்டு, அவர் அதன் தலைவரானார். மும்பைக்குத் தெற்கே ரோஹாவிலிருந்து மங்களூர் அருகே தோக்கூர் வரை 741 கிலோமீட்டர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். பெரிதும் சிறிதுமாகச் சுமார் இரண்டாயிரம் பாலங்கள். பணம் பட்ஜெட்டிலிருந்து முழுசாக வரவில்லை. ரயில்வேயும் மகாராஷ்டிரா, கோவா, கர்நாடகா, கேரளா ஆகிய நான்கு மாநிலங்களும் பங்கு போட்டன. மீதி பெரும்பாலும் பத்திரங்கள் விற்றுத் திரட்டப்பட்டது.

இங்கே அவர் செய்த ஒரு எளிய காரியம் பிரசித்தம். ஆபீஸ்களில் தலைகீழாக ஓடும் கடிகாரம் வைத்தார். எத்தனை நாள் ஆயிற்று என்று அது காட்டாது, எத்தனை நாள் மீதி என்று காட்டும். பின்னால் டில்லி மெட்ரோவிலும் அதே கடிகாரம் வந்தது.

ஆனால் ஒரு நேர்மையான எஞ்சினியர் இதையும் சொல்ல வேண்டும்: கொங்கண் ரயில்வே குறித்த காலத்தில் முடியவில்லை. ஐந்து வருஷம் என்று சொன்னது, 1998 ஜனவரியில்தான் முழுப் பாதையிலும் வண்டி ஓடியது. கோவாவில் பாதை எந்த வழியாகப் போக வேண்டும் என்று பெரிய எதிர்ப்பு எழுந்து, வேலை நின்று, விசாரணைக் கமிஷன் வைக்கப்பட்டது. பெர்னம் சுரங்கத்தில் குழைந்த களிமண் மறுபடி மறுபடி சரிந்து விழுந்தது. உயிர்கள் போயின. மண்ணுக்குக் கடிகாரம் தெரியாது அல்லவா?

பாதை திறந்ததோடும் கதை முடியவில்லை. 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே மழையில் சரிந்த பாறைகளில் ரயில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஜூனில் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் அதே மாதிரி மழைக்காலத்தில் பாறையில் மோதி, பாலத்திலிருந்து விழுந்தது. இன்று கொங்கண் பாதையில் மழைக்காலத்துக்கென்று தனி டைம்டேபிள் இருக்கிறது. வண்டிகள் மெதுவாகப் போகும், ரோந்து அதிகமாக இருக்கும். கட்டுவது பாதி நிர்வாகம்தான். கட்டியதை ஒவ்வொரு மழைக்கும் காப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்கு ரிப்பன் வெட்டுகிற விழா கிடையாது. அதனாலேயே அது மறந்துபோகிறது.

டில்லி மெட்ரோவுக்கு வருவோம். மத்திய அரசும் டில்லி அரசும் சரிபாதிப் பங்கு. இரண்டு முதலாளி இருக்கிற இடத்தில் வேலை நடக்காது என்று நம் ஊரில் சொல்வார்கள். அங்கே நடந்தது. 1998 அக்டோபரில் ஆரம்பித்த வேலை, 2002 டிசம்பரில் முதல் பகுதியில் ரயில் ஓடும் அளவுக்கு வந்தது. சுமார் 65 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் கட்டத்துக்குப் பத்து வருஷம் என்று போட்ட திட்டம், ஏழேகால் வருஷத்தில் முடிந்தது. இந்த வெற்றியை எல்லோரும் பேசுவார்கள். நான் பேச விரும்புவது 2009 ஜூலை 12-ஐப் பற்றி.

அன்று விடியற்காலை தென் டில்லியில் ஜம்ருத்பூர் என்ற இடத்தில், கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ பாலத்தின் ஒரு தூண் சரிந்து, மேலிருந்த பாகம் விழுந்தது. தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்றைக்கே ஸ்ரீதரன், தார்மீகப் பொறுப்பு ஏற்கிறேன் என்று ராஜினாமா கொடுத்தார். அவருக்கு அப்போது வயது 77. டில்லி முதல்வர் ஷீலா தீட்சித் அதை ஏற்க மறுத்து, நீங்களே இருந்து சரிசெய்யுங்கள் என்றார். அவர் இருந்தார். 2011 கடைசியில்தான் அந்தப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 2021-ல் அரசியலுக்கு வந்து பாலக்காட்டில் தேர்தலில் நின்று தோற்றது வேறு கதை. அது இங்கே நமக்கு வேண்டாம்.

எங்கள் பேட்ச் அப்போது ஃபைனல் இயர் ஆரம்பம். ஹாஸ்டல் டி.வி. ரூமில் இந்தச் செய்தியைப் பார்த்தோம். "பழைய சாஸ்திரி ஸ்டைல்டா" என்று யாரோ சொன்னார்கள். எனக்குச் சட்டென்று தாத்தாவின் திண்ணை ஞாபகம் வந்தது.

மேலே, கீழே

நான்கு நிகழ்ச்சிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒரு எளிய விஷயம். நல்ல நிர்வாகத்தில் அதிகாரம் கீழே இறங்கும், பொறுப்பு மேலே ஏறும். வண்டியை நிறுத்தும் அதிகாரம் கேங்மேன் வரை இறங்கி வரும். விழுந்த பாலத்தின் பொறுப்பு அமைச்சர் வரை ஏறிப் போகும்.

மோசமான நிர்வாகத்தில் இது அப்படியே தலைகீழ். பத்து ரூபாய் சாமான் வாங்கக்கூட மேலிடத்து அனுமதி வேண்டும். தப்பு நடந்தால் மட்டும் பழி கடைசிப் படியில் நிற்கிற ஆளின் தலையில் விழும். நீங்கள் வேலை பார்க்கும் இடத்தில், அது பாங்க்காக இருக்கட்டும், ஸ்கூலாக இருக்கட்டும், பஞ்சாயத்தாக இருக்கட்டும், இந்த இரண்டும் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று ஒரு வாரம் கவனியுங்கள். அந்த இடத்தின் ஜாதகம் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். சோதிக்கிற ஆள், செய்கிற ஆளுக்குக் கீழே இருக்கக் கூடாது. நம் நாட்டில் ரயில்வே பாதுகாப்பு கமிஷனர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். எத்தனை பேருக்குத் தெரியும்? பாம்பனில் பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோய், பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டினார்கள். 2024-ல் அதைச் சோதித்த கமிஷனர், வண்டி மணிக்கு 75 கிலோமீட்டர் போகலாம், தூக்கு ஸ்பானில் 50-தான் என்று சொன்னதோடு, குறைகளையும் எழுத்தில் பட்டியல் போட்டார். பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. குறை சொன்னவர் மேல் கோபப்படலாம். ஆனால் குறை சொல்ல ஒருவரை வைத்திருப்பதுதான் முறை.

என் கதை

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்தக் காரணம்.

எனக்கு அப்போது 27 வயது. ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் சைட் எஞ்சினியர். பெயர் வேண்டாம். கழிவுநீர்க் குழாய் பதிக்க நான்கு மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் விட்டு விட்டு மழை. காலையில் மேஸ்திரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், கடலூர்ப் பக்கத்துக்காரர்.

"சார், மேல மண்ணு வெடிப்பு விட்டிருக்கு. இன்னிக்கு ஆள இறக்க வேணாம். பலகை முட்டு இன்னும் வேணும்."

போய்ப் பார்த்தேன். வெடிப்பு இருந்தது, விரல் நுழைகிற அளவு. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். சாயில் மெக்கானிக்ஸில் நல்ல மார்க் வாங்கியவன். ஆனால் வேலையை நிறுத்தும் அதிகாரம் எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். புராஜெக்ட் மேனேஜருக்கு போன் போட்டேன். "சாயங்காலம் புரோக்ரஸ் ரிப்போர்ட் போகணும், பார்த்து ஓட்டுங்க" என்றார். நான் மேஸ்திரியிடம் "பார்த்து ஓட்டுங்க" என்றேன். அதே இரண்டு வார்த்தை!

பதினொரு மணிக்கு மண் சரிந்தது. உள்ளே இருந்த பையன் இடுப்புவரை புதைந்தான். எல்லோரும் கையாலேயே மண்ணை அள்ளி அவனை எடுத்தோம். உயிர் பிழைத்தான். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

மறுநாள் ஆபீஸிலிருந்து ஒரு ரிப்போர்ட் டைப் ஆகி வந்தது. மேஸ்திரி உரிய முட்டுக் கொடுக்கத் தவறியதால் விபத்து என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம். கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம், வீட்டு லோன் போட்டிருந்த நேரம். கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரியை அனுப்பிவிட்டார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிபன் கேரியரையும் மட்டப்பலகையையும் எடுத்துக்கொண்டு நடந்து போனார்.

அரியலூர் பற்றியும் பாம்பன் பற்றியும் தெரிந்து வைத்திருந்த நான் செய்தது இது. நிறுத்த வேண்டிய இடத்தில் அதிகாரம் இல்லை என்றேன், பொறுப்பு வந்தபோது அதைக் கீழே தள்ளினேன். மெஸ் கணக்கு உதைத்ததை ஜோக்காகச் சொல்லலாம். இதைச் சொல்ல முடியாமல் பல வருஷம் இருந்தேன். அந்தக் கம்பெனியை ஒரு வருஷத்தில் விட்டுவிட்டேன், அதனால் கணக்கு நேராகிவிடாது.

மூன்று வருஷம் கழித்து, விசாரித்து விசாரித்து அந்த மேஸ்திரியை வேறொரு ஊரில் ஒரு வீட்டு வேலையில் பார்த்தேன். எனக்கு நாக்கு எழவில்லை. அவரே கேட்டார், "கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" 'சார்' போய் 'தம்பி' ஆகியிருந்தது. நான் எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தைக் கொடுத்தேன். விபத்து எப்படி நடந்தது, அவர் முன்கூட்டியே எச்சரித்தார், நான் கேட்கவில்லை என்று என் கையெழுத்தோடு. எங்கேயாவது வேலைக்குக் கேட்டால் காட்டுங்கள் என்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அந்தப் பையன் நடக்குறான் தம்பி. இப்ப அவனே கொத்தனாரு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். காசு கொடுக்க என்னை விடவில்லை.

இப்போது நான் பொறுப்பில் இருக்கும் சைட்டுகளில் ஒரு நோட்டு இருக்கிறது. சாதாரண நாற்பது பக்க நோட்டு. சைட்டில் யாருக்காவது, ஹெல்பராக இருந்தாலும், ஒரு இடம் ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்தலாம். எழுதத் தெரியாதவர் சொன்னால் மற்றவர் எழுதுவார். மறுபடி ஆரம்பிக்க வேண்டுமானால் எஞ்சினியர் நேரில் வந்து பார்த்து, ஏன் ஆரம்பிக்கலாம் என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நிறுத்த ஒரு வார்த்தை போதும். தொடரத்தான் கையெழுத்து வேண்டும்.

முதல் வருஷத்தில் பதினான்கு முறை வேலை நின்றது. பதினொன்று வீண் பயம். கிளையன்ட் கூடச் சத்தம் போட்டார். மீதி மூன்று வீண் பயம் இல்லை. அந்த மூன்றிலும் என்ன நடந்திருக்கும் என்று நான் யாருக்கும் நிரூபிக்க முடியாது. ஏனென்றால் ஒன்றும் நடக்கவில்லை. நல்ல நிர்வாகத்தின் கஷ்டமே இதுதான். அது ஜெயித்தால் செய்தி கிடையாது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலர் பாம்பன் மாதிரி 46 நாள் சாதனை செய்வீர்கள். சந்தோஷம். ஆனால் உங்களில் எல்லோருக்கும், வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷத்துக்குள், யாரோ ஒரு மேஸ்திரியோ நர்ஸோ கிளார்க்கோ வந்து "சார், இது சரியில்ல" என்று சொல்லப்போகும் ஒரு காலை நேரம் நிச்சயம் வரும். அன்றைக்கு போனை எடுப்பதற்கு முன்னால் வேலையை நிறுத்துங்கள். அப்புறம் போன் போடுங்கள்.

தாத்தா இப்போது இல்லை. போன வருஷம் மழையில் சென்னையிலிருந்து ஊருக்குப் போனேன். மருதையாற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டி வேகம் குறைந்து, மெல்லப் போனது. எதிர் சீட்டுக்காரர் "இங்க ஏன் சார் இப்படி உருட்டுறான்?" என்று அலுத்துக்கொண்டார். ஜன்னல் வழியே பார்த்தேன். தண்டவாளத்தை விட்டு ஒதுங்கி, ரெயின்கோட் போட்ட ஒரு ஆள் கையில் விளக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

"பரவால்ல சார், மெதுவாவே போகட்டும்" என்றேன்.